பெரைரா கடையில் சாப்பிடாதவன்

ஜன்னலை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள் தம்பி, நான் தப்பாக நினைக்க மாட்டேன். சீட்டுக்கு அடியில் எலி ஏதும் செத்துக் கிடக்கவில்லை, குனிந்து பார்க்க வேண்டாம். வாடை மேலே கம்பியில் இருக்கிற நீலப் பையிலிருந்து வருகிறது. உள்ளே கருவாடு. நம் ஊர்க் கருவாடு இல்லை, போர்ச்சுகல் கருவாடு. விமானத்தில் வந்தது. விமானத்திலும் உங்களை மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தார். பாவம், அவருக்குத் திறக்க ஜன்னல் இல்லை.

எனக்கு வாடை தெரியாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து கருவாட்டு வியாபாரம். மூக்கு எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டது.

என் பெயர் சந்தியாகு பர்னாந்து. தூத்துக்குடியில் கருவாட்டுக் கிட்டங்கி, அதுதான் குடோன், வைத்திருக்கிறேன். முன் வரிசையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு திரும்பித் திரும்பி முறைக்கிறாளே, அவள்தான் என் மனைவி அமலோற்பவம், எனக்கு அமலி. உங்களோடு பேசுவதற்காக முறைக்கவில்லை. நான் நடுவழியில் இறங்கி ஓடிவிடுவேனோ என்று பார்க்கிறாள். ஆத்தூரில் பஸ் நின்றபோது எனக்கும் அப்படி ஒரு எண்ணம் வந்தது உண்மைதான்.

மணப்பாட்டுக்குப் போகிறோம். அவள் அண்ணன் கஸ்பார் பெரைரா வீட்டுக்கு. அவனுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம். நாளைக் காலையில் கோயிலில் பூசை, அப்புறம் விருந்து. அவன் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேனே, இது பன்னீர்ச் செம்பு. இதை வைத்துக்கொண்டு நாளைக்கு அங்கே என்ன செய்வது என்று மணப்பாடு வருவதற்குள் நான் முடிவு பண்ணியாக வேண்டும்.

என்ன சண்டை என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். சொத்துச் சண்டை இல்லை. பெண் கொடுத்த சண்டை, எடுத்த சண்டை எதுவும் இல்லை. பன்னீர்.

அவன் மகள் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர். தெளிப்பதற்கு இரண்டு பெண்பிள்ளைகளை நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு தெளி. நான் காலையில் லாரிக்குச் சரக்கு ஏற்றிவிட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, புது வேட்டி சட்டையில் போனேன். என்னைப் பார்த்ததும் கஸ்பார் அந்தப் பெண்ணிடமிருந்து செம்பைத் தன் கையில் வாங்கினான். என் மேல் தெளித்தான். ஒன்று. அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சட்டை நனைந்து மார்போடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் எவனோ சிரித்தான்.

ஊருக்கெல்லாம் ஒரு தெளி, கருவாட்டுக்காரனுக்கு மூன்று தெளி. அவனும் மீனை நம்பிப் பிழைக்கிறவன்தான். ஐஸ் கம்பெனி. மீன் ஐஸில் கிடந்தால் மரியாதை, வெயிலில் கிடந்தால் நாற்றமா? அப்படியே திரும்பி நடந்தேன். பந்தியில் ஆட்டுக்கறி பிரியாணி என்று பின்னால் சொன்னார்கள். அந்த வருத்தமும் சேர்ந்துதான் இத்தனை வருஷம் ஓடியது.

வீடு மணப்பாட்டில் என்றாலும், அவன் ஐஸ் கம்பெனி தூத்துக்குடியில் என் கிட்டங்கிக்கு நேர் எதிரே. சுவர் முழுக்க ஆங்கிலத்தில் பெரைரா என்று எழுதியிருக்கும், லாரிகளிலும் அதுவே. நான் ஐந்தாவது வகுப்போடு கடற்கரைக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த ஏழு எழுத்துதான். காலையில் கதவைத் திறந்தால் அது, சாயங்காலம் பூட்டினால் அது. என் கையெழுத்தைவிட அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் மகள் வினோலியா லிஸ்பன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். “அப்பா, அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, ஊர் ஊராச் சுத்திப் பாத்து நல்லாச் சாப்பிட்டுட்டுப் போங்க” என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்கு ஆசை. கஸ்பார் ஐஸில் வைத்து அனுப்புகிற இறால் வெளிநாடெல்லாம் போயிருக்கிறது, அவன் போனதில்லை. அந்த ஒன்றுக்காகவே நான் போயாக வேண்டும். அமலிக்கு விமானம் என்றால் பயம். வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சமயம் பார்த்து மணப்பாட்டிலிருந்து இந்த ஐம்பதாம் வருஷ விருந்துக்குப் பத்திரிகை வந்தது.

“நீங்க கூப்பிடுத எடத்துக்கு நான் வாறேன். நான் கூப்பிடுத எடத்துக்கு நீங்க வரணும்” என்றாள்.

தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டால் போயிற்று என்பது என் கணக்கு.

போய் இறங்கினோம். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கிற ஆள் என் பெயரைப் பார்த்தான், சிரித்தான், அவன் பாஷையில் ஏதோ கேட்டான். எங்கள் கடற்கரைக்காரர்களுக்கு இந்தப் பெயரெல்லாம் அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டுச் சாமியார்கள் ஞானஸ்நானம் கொடுத்து வைத்தவைதானே. சொந்தக்காரன் விசாரிக்கிறான் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றேன். வினோலியா போனில் அவனுக்கு விளக்கம் சொன்ன பிறகுதான் என்னை வெளியே விட்டான்.

முதல் நாள் அவள் ஒரு சாப்பாட்டுக் கடையைக் காட்டி, “அப்பா, நம்ம பேரு போட்ட கடை” என்றாள். ஊர்த் தலைவர் மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்த பர்னாந்து என்னைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. கொண்டு வந்து வைத்த கோழி வேகவே இல்லை. “என்ன ருசி, என்ன ருசி” என்று எலும்பு வரைக்கும் தின்றேன். நம் பெயரை நாமே விட்டுக்கொடுக்க முடியுமா?

அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ரயில் டிக்கெட், தங்க இடம் எல்லாம் போட்டுக் கொடுத்து எங்களை மட்டும் அனுப்பி வைத்தாள். போர்ட்டோ என்று ஆற்றங்கரையில் ஒரு ஊர். இறங்கியதும் பசி. ஒரு கடை வாசலில் மத்தி மீனை முழுசு முழுசாக நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் மத்தி தம்பி, அதே மத்தி.

“ஏங்க, இங்கயே சாப்பிடுவோம். வாசலே மணக்கு.”

“வேண்டாம், வா.”

“ஏன்?”

போர்டைக் காட்டினேன். ஏழு எழுத்து. அவள் போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இது எங்க அண்ணன் கடையா?”

“பேரு அதான?”

“அவன் என்ன பன்னீரா தெளிக்கப் போறான்? மீனச் சுட்டுத் தரப் போறான். தின்னுட்டுப் போவோம்.”

“பெரைரா கையால நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்.”

“அப்ப நல்ல காத்து வருது, அதக் குடிங்க” என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

நம் பக்கம் பர்னாந்து எப்படியோ, அந்த நாட்டில் பெரைரா அப்படி. ரொட்டிக் கடையா, பெரைரா. மருந்துக் கடையா, பெரைரா. பல் பிடுங்குகிறவனும் பெரைரா. நல்ல வாசனை வருகிற கடையாகப் பார்த்து அந்தப் போர்டுதான் தொங்குகிறது. உலகத்தில் ஒரு பகையாளிதான் இருக்கிறான் என்று நினைத்துப் போனேன், ஒரு தேசமே இருந்தது. போர்ட்டோவில் நாங்கள் ஆற்றைப் பார்த்தபடி வாழைப்பழம் சாப்பிட்டோம். கை நீட்டிக் காட்டி வாங்க முடிந்தது அதுதான்.

அதற்கு அடுத்த ஊர் அவைரோ. ஊருக்குள்ளேயே வாய்க்கால் ஓடுகிறது. நம் வள்ளம் மாதிரி நீளப் படகு, மூக்கில் பூவும் பொம்மையுமாகப் படம் எழுதியது. டிக்கெட் கையில் இருந்தது. ஒரு கால் படகில் வைத்துவிட்டேன். படகுக்காரன் சட்டைப் பையில் நூலால் பெயர் தைத்திருந்தது. காலை எடுத்துவிட்டேன்.

“நீ போய்ட்டு வா, நான் கரையிலயே வாறேன்” என்றேன்.

அவள் என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டாள். ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டாள். படகு நகர்ந்தது, நான் கரையில் நடந்தேன். அது வேகம் எடுத்தது, நான் ஓடினேன். படகில் ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள், சங்கு மாதிரி செய்து உள்ளே முட்டையும் சீனியும் வைத்தது. அதைக் கடித்துக்கொண்டே, திருவிழாச் சப்பரத்தில் வருகிற மாதா மாதிரி எனக்குக் கையை உயர்த்திக் காட்டினாள். அவள் காட்டியதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் எல்லாரும் எனக்குக் கை காட்டினார்கள், படம் எடுத்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஓடுகிற படம் இன்னும் எத்தனை நாட்டு வீடுகளில் இருக்கிறதோ.

இறங்கி வந்ததும், “எனக்கு ஒரு மிட்டாய் கொண்டு வரலையா?” என்று கேட்டேன்.

“பெரைரா குடுத்தது. நீங்க தின்ன மாட்டீங்கன்னு அதையும் நானே தின்னுட்டேன்” என்றாள்.

கடைசியாக நசரே. அது கடற்கரை ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அமலி நின்றாள். மூக்கை உயர்த்தி மோந்தாள். அந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு.

“ஏங்க, நம்ம கிட்டங்கி வாடை.”

மணலில் இறங்கிப் பார்த்தால், தம்பி, சத்தியமாகச் சொல்கிறேன், கருவாடு! கம்பி வலை அடித்த சட்டங்களைச் சாய்த்து வைத்து, மீனை முதுகில் கீறி, விரித்த புத்தகம் மாதிரி வெயிலுக்குக் காட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பாறைக்குஞ்சு மாதிரி ஒரு மீன். அதைப் பார்க்க டூரிஸ்டுகள் கூட்டம். என் கிட்டங்கியைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற உலகத்தில், கருவாட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கஸ்பார் இதைப் பார்க்க வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது.

கருவாட்டுக்குக் காவலாக ஒரு கிழவி. கறுப்புச் சால்வை, ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டுப் பாவாடை. அமலி எனக்கு முன்னால் வேகமாகப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். குளிர்கிறது என்று வினோலியா கொடுத்த போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றாள். வெயில் காய்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

நான் ஒரு மீனை எடுத்தேன். முள்ளை அழுத்திப் பார்த்தேன். ஈரம் இருந்தது.

“இது பாதிக் காய்ச்சல். உப்பும் பத்தாது. எங்க ஊருல இத எடுத்துக்கிட்டு வந்தா திருப்பி அனுப்பிருவோம்” என்றேன்.

கிழவி அவள் பாஷையில் என்னைத் திட்டினாள். என் கையிலிருந்து மீனைப் பிடுங்கி, வாலைப் பிடித்து ஆட்டிக் காட்டி, அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றாள். நான் குடல் எடுத்த இடத்தைக் காட்டி இங்கே இன்னும் ஆழமாகக் கீற வேண்டும் என்றேன். அவள் என் உள்ளங்கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். மோந்துவிட்டுப் பக்கத்தில் இருந்த பெண்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு சொல் புரியாமல் அப்படி ஒரு நல்ல பேச்சு நான் பேசி எத்தனையோ வருஷம் ஆகிறது.

கிழவி ஒரு மீனை எடுத்துச் சின்ன அடுப்பில் வாட்டினாள். பிய்த்து என் வாய்ப்பக்கம் நீட்டினாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் கை ஆடுகிறது. சும்மா இல்லை, காற்றில் தென்னை ஓலை ஆடுகிற மாதிரி ஆடுகிறது. துண்டு என் மூக்கில் பட்டது, மீசையில் பட்டது, வாய் மட்டும் அகப்படவில்லை. அமலி போர்வையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கிழவியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, மீனை என் வாயில் வைக்க உதவினாள். அமிர்தம் தம்பி. உப்புக் குறைவுதான், ஆனாலும் அமிர்தம்.

“எங்க அண்ணன் கை மாதிரியே இருக்கு” என்றாள் அமலி.

மென்றுகொண்டே, “உங்க அண்ணன் கைக்கு என்ன?” என்று கேட்டேன்.

“ஆடுது. மக கல்யாணத்துக்கு முந்தியே ஆட ஆரம்பிச்சுட்டு. அன்னைக்குக் கோயில்ல மெழுகுதிரி பத்தவைக்கும்போதே நான் பாத்தேன். தங்கச்சி மாப்பிள்ளைக்கு நானே தெளிக்கணும்னு ஆசப்பட்டு அந்தப் பிள்ளகிட்ட இருந்து செம்ப வாங்குனாரு. தெளிச்சது ஒண்ணுதான். மிச்சம் ரெண்டும் கை பண்ணுன வேல.”

நான் மெல்வதை நிறுத்திவிட்டேன்.

“இத ஏன் இத்தனை வருஷமா சொல்லல?”

“எங்க சொல்ல விட்டீங்க? அண்ணன்னு வாயத் தொறந்தாலே தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுருவீங்க. உங்களப் பட்டினி போட்டுட்டு நான் என்னத்தச் சொல்ல?”

“அப்ப அன்னைக்குச் சிரிச்சவன்?”

“உங்க மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிருப்பான். இப்பப் பாத்தா நானே சிரிப்பேன்.”

உண்மையில் அவள் சிரிக்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் அந்தப் பக்கம் திரும்பினேன். போர்வை விழுந்து கிடந்த இடத்தில், சட்டத்தில் சாய்த்து ஒரு பலகை. பச்சைப் பெயிண்டில் ஏழு எழுத்து.

அதை மறைக்கத்தான் அவள் போர்வையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், வெயில் காய இல்லை. நாடு முழுக்கப் பட்டினி கிடந்து காப்பாற்றிய சபதம், கிழவி கையால், நாக்கில் கரைந்து போயிருந்தது. துப்புவதற்கு வாயில் ஒன்றும் மிச்சம் இல்லை. கிழவி அடுத்த துண்டை நீட்டினாள். பசித்தது. அதையும் தின்றேன்.

வரும்போது அவளிடம் வாங்கியதுதான் மேலே இருக்கிற பை. மச்சானுக்கு. பெரைரா செய்த கருவாடு பெரைராவுக்கு. சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உப்புக் குறைவு என்று அவரும் சொல்லட்டும்.

ஊருக்குத் திரும்பியதும் மச்சான் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். இந்தச் செம்பைக் கொண்டு வந்து வைத்தான். “மாமா, அப்பாவால இப்ப ஒண்ணும் பிடிக்க முடியல. வாசல்ல அவங்களுக்குப் பதிலா நீங்க நின்னு தெளிக்கணுமாம். வேற யாரும் வேண்டாம்னுட்டாங்க” என்றான். நான் பார்க்கலாம் என்றேன். அமலி செம்பைப் புளி போட்டு விளக்கி என் பக்கத்தில் வைத்துவிட்டாள். வயிற்றுவலி என்று சொல்ல நேரமே கிடைக்கவில்லை.

அதற்காக நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு தெளி அவர் தெளித்தது, இரண்டு தெளி கை தெளித்தது, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்க் கட்டிடத்தில் இருக்கிற மனுஷன், ஒரு நாள் தெருவைத் தாண்டி வந்து, “மாப்ள, என் கை சரியில்ல” என்று சொல்லியிருக்கலாமா இல்லையா? வந்தார் என்கிறாள் அமலி. பல தடவை வந்தாராம், நான்தான் கிட்டங்கிக் கதவைச் சாத்தினேனாம். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. கதவைச் சாத்தியது ஞாபகம் இருக்கிறது. யார் வந்தது என்று பார்க்கவில்லை. காற்றுக்குக் கூடச் சாத்தியிருப்பேன்.

அதோ, குலசை தாண்டியாயிற்று. குன்றின் மேல் மணப்பாட்டுச் சிலுவைக் கோயில் தெரிகிறது பாருங்கள். நாளைக்கு அவரைத்தான் முதலில் நாற்காலியில் வைத்து வாசலுக்குக் கொண்டு வருவார்களாம். முதல் பன்னீர் அவர் மேல்தான். ஒரு தெளி தெளித்தால் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று அர்த்தம். மூன்று தெளித்தால் கணக்குச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். தூத்துக்குடியில் ஏறும்போது மூன்று என்று இருந்தேன். ஆறுமுகநேரியில் ஒன்று. திருச்செந்தூரில் டீ குடித்தேன், மறுபடி மூன்று.

உங்களுக்கு மூக்கு வேலை செய்கிறது, உண்மையைச் சொல்லுங்கள் தம்பி. அந்தப் பையை விட்டுவிடுங்கள். என்னிடமிருந்து வாடை வருகிறதா? வேட்டி சட்டை காலையில் மாற்றியதுதான். குளித்துவிட்டுத்தான் ஏறினேன். சும்மா சொல்லுங்கள்.

...வருகிறதா. அவ்வளவா? சரி. சரி.

பரவாயில்லை, மச்சானுக்குத் தெரிந்த வாடைதான்.

அந்தப் பையை மட்டும் கொஞ்சம் இறக்கித் தாருங்கள். அமலி எழுந்துவிட்டாள் பாருங்கள், கண்ணாலேயே கூப்பிடுகிறாள். இந்தச் செம்பையும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளுங்கள். கை நிற்க மாட்டேன் என்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை, பஸ் ஆட்டம்தான்.

என்ன தம்பி? பஸ் நின்று நேரமாகிறதா?